ப்ரஷர் மாத்திரையும் பார்க்கப்படாத ரத்தமும்

டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில், எனலாப்ரில். ப்ரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களின் டப்பாவைத் திறந்தால் இவற்றில் ஒன்று கண்ணில் பட வாய்ப்பு அதிகம். ‘சார்டன்’ என்று முடிவது ஒரு வகை, ‘ப்ரில்’ என்று முடிவது இன்னொரு வகை. இரண்டும் குறிவைப்பது ஆஞ்சியோடென்சின் என்ற ஒரே பொருளைத்தான். இதயத்தையும் சிறுநீரகத்தையும் காப்பதில் அருமையான மருந்துகள். ஆனால் தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்தில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். டோஸைக் கூட்டினால் மறுபடி பார்க்க வேண்டும். பிறகு வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். பழைய சீட்டை நீட்டி மாதாமாதம் மாத்திரை வாங்கிப்போகிற எத்தனை பேருக்கு இதை யாராவது சொல்லியிருக்கிறார்கள்?

உடம்பில் நீரோ உப்போ குறைந்தாலும், ரத்த அழுத்தம் இறங்கினாலும் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியை விடுகிறது. கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதத்தை அது வெட்ட, ஆஞ்சியோடென்சின் ஒன்று உண்டாகிறது. அதை ஏ.சி.இ. என்ற இன்னொரு நொதி, முக்கியமாக நுரையீரலில், ஆஞ்சியோடென்சின் இரண்டாக மாற்றுகிறது. ரத்தக் குழாய்களை இறுக்குவது இந்த இரண்டாம் வடிவம்தான். ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கவைத்து, உப்பைப் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ளுவதும் இதுவே. ‘ப்ரில்’கள் ஏ.சி.இ. நொதியை முடக்குகின்றன. ‘சார்டன்’கள் ஆஞ்சியோடென்சின் போய் ஒட்டும் இடத்தை அடைத்துக்கொள்கின்றன.

முதல் ‘ப்ரில்’லுக்கு வழிகாட்டியது ஒரு பாம்பு. பிரேசிலின் ஜராராக்கா விரியன் கடித்தால் ரத்த அழுத்தம் சரியும். அந்த விஷத்தில், பிராடிகைனின் என்ற பொருளின் வேலையைப் பெருக்கும் ஒரு கூறை 1960-களில் கண்டறிந்தவர் செர்ஜியோ ஃபெரைரா. அதை அவர் லண்டனில் ஜான் வேனின் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். ஏ.சி.இ. நொதியையும் அது தடுக்கிறது என்று அங்கே தெரியவந்தது. அமெரிக்காவின் ஸ்க்விப் நிறுவனத்தில் டேவிட் குஷ்மனும் மிகெல் ஒண்டெட்டியும் அந்த வழியில் போய், வாயால் விழுங்கத்தக்க கேப்டோப்ரில்லை உருவாக்கினார்கள். அமெரிக்காவில் அதற்கு 1981-ல் அனுமதி கிடைத்தது. முதல் ‘சார்டன்’னான லோசார்டன் 1995-ல் வந்தது.

பலனைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். வட ஐரோப்பாவில் கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள 253 பேரிடம் நடந்த ‘கன்சென்சஸ்’ ஆய்வு 1987-ல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு வெற்று மாத்திரை எடுத்தவர்களில் ஆறு மாதத்துக்குள் 44 சதவீதம் பேர் இறந்துபோனார்கள். எனலாப்ரில் எடுத்தவர்களில் அது 26 சதவீதம். டைப் 1 சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெடத் தொடங்கியவர்களுக்கு, மரணம், டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் ஆகியவற்றை நோக்கிப் போகும் ஆபத்தை கேப்டோப்ரில் பாதியாகக் குறைக்கிறது என்று 1993-ல் இன்னொரு ஆய்வு காட்டியது.

சிறுநீரகத்தை இது எப்படிக் காக்கிறது என்று புரிந்தால், எங்கே கெடுக்கும் என்பதும் புரிந்துவிடும். வடிகட்டியிலிருந்து ரத்தம் வெளியேறும் நுண்குழாயை ஆஞ்சியோடென்சின் இறுக்கி வைத்திருக்கிறது. மடையைப் பாதி அடைத்தால் வயலில் நீர்மட்டம் ஏறுவதுபோல, வடிகட்டிக்குள் அழுத்தம் ஏறுகிறது. மருந்து மடையைத் திறக்கிறது. அழுத்தம் தணிகிறது, சிறுநீரில் புரதம் ஒழுகுவது குறைகிறது, வடிகட்டி பல வருஷம் கூடுதலாக உழைக்கிறது. ஆரம்பத்தில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறுவதும் இதனால்தான். 30 சதவீதம் வரை ஏறினால் பயந்துபோய் நிறுத்த வேண்டியதில்லை. அதைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். சிறுநீரகத்துக்குப் போகும் தமனியே சுருங்கியிருக்கலாம்.

இந்த மாத்திரை சாப்பிடும் ஒருவருக்குப் பேதி பிடிக்கிறது என்று வையுங்கள். இரண்டு நாளாக எதுவும் உள்ளே தங்கவில்லை. ரத்த அளவு குறைந்துவிட்டது. வெளியேறும் குழாயை இறுக்கி வடிகட்டலைக் காப்பாற்ற வேண்டிய நேரம் இது. ஆனால் மாத்திரை அதை விடாது. இதற்கு நடுவே உடம்பு வலிக்கிறது என்று கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டால், உள்ளே வரும் குழாயைத் திறந்துவைக்கும் பொருள்களும் தடைபடும். அவருடைய ப்ரஷர் மாத்திரைப் பெயரின் வாலில் ‘ஹெச்’ என்ற எழுத்து இருந்தால், அநேகமாக ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மாத்திரையும் அதற்குள்ளேயே சேர்ந்திருக்கிறது. மூன்றும் கூடினால் சில நாளில் சிறுநீரகம் படுத்துவிடலாம். வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் என்று நீர் வற்றும் நாட்களில் இந்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, வழக்கம்போல் சாப்பிட்டுக் குடிக்க ஆரம்பித்ததும் தொடரச் சொல்வது மருத்துவர்கள் பலரின் வழக்கம். “பேதியானா இந்த மாத்திரையை என்ன செய்யணும் டாக்டர்?” என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். கேட்காமல் நீங்களாக நாள்கணக்கில் விட்டுவிடாதீர்கள். ப்ரஷர் மறுபடி ஏறிவிடும்.

பொட்டாசியம் இன்னும் கள்ளத்தனமானது. இந்த மாத்திரைகளால் அது ஏறுவது தெரியாது. தெரியும்போது இதயத் துடிப்பே தடம் புரளலாம். இதில் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்து அனுபவத்தை எல்லோரும் அறிய வேண்டும். இதயச் செயலிழப்பில் ஸ்பைரனோலாக்டோன் உயிர் காக்கிறது என்று 1999-ல் ஓர் ஆய்வு சொன்னது. உடனே அங்கே, ‘ப்ரில்’ எடுத்துக்கொண்டிருந்த முதியவர்களுக்கும் அது தாராளமாக எழுதப்பட்டது. அதுவும் பொட்டாசியத்தை ஏற்றும் மருந்து. இப்படிப்பட்ட நோயாளிகளில் பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1994-ல் ஆயிரத்துக்கு 2.4 பேர். 2001-ல் 11 பேர். அதனால் நேர்ந்த மரணங்கள் 0.3-லிருந்து 2-ஆக உயர்ந்தன. ஆய்வில் இருந்தவர்களுக்கு அடிக்கடி ரத்தம் பார்த்தார்கள். வெளியே மருந்து மட்டும் போய்ச் சேர்ந்தது, பரிசோதனை போகவில்லை. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். அந்த மரணங்களில் பலவற்றை ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை தடுத்திருக்கும்.

சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறவர் இளநீரையோ வாழைப்பழத்தையோ பார்த்துப் பயப்பட வேண்டாம். கிரியாட்டினின் ஏறியவர் தினமும் இளநீர் குடிப்பது வேறு விஷயம். அதைவிடக் கவனிக்க வேண்டியது, ப்ரஷருக்கு நல்லது என்று கடைகளில் விற்கும் சோடியம் குறைந்த உப்பு. அதில் சோடியத்தின் இடத்தில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். மருத்துவரைக் கேட்காமல் சமையலறைக்குள் அதை விடாதீர்கள்.

‘ப்ரில்’களுக்கே உரியது வறட்டு இருமல். ஏ.சி.இ. நொதி பிராடிகைனினையும் அழிக்கும். நொதியை முடக்கினால் அது தேங்கி, தொண்டையில் நமநமவென்று அரிக்கும். சளி வராது, காய்ச்சல் இருக்காது, ராத்திரி தூக்கம் போகும். ஆசியர்களுக்கும் பெண்களுக்கும் இது அதிகம். பாட்டில் பாட்டிலாகச் சிரப், எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை என்று அலைவதற்கு முன், மாத்திரைச் சீட்டை ஒரு தடவை காட்டினால் போதும். ‘சார்டன்’னுக்கு மாற்றினால் சில வாரங்களில் இருமல் அடங்கும். அரிதாக உதடு, நாக்கு, முகம் வீங்கும். வருஷக்கணக்கில் பிரச்சினை இல்லாமல் சாப்பிட்டவருக்கும் இது வரலாம். மூச்சுப் பாதையை அடைக்கக்கூடியது என்பதால் அந்த நிமிஷமே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அதன் பிறகு எந்த ‘ப்ரில்’லையும் தொடக் கூடாது.

கர்ப்பத்தில் இரண்டு வகையுமே கூடாது. குறிப்பாக நான்காம் மாதத்துக்குப் பிறகு சிசுவின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, பனிக்குட நீர் வற்றி, குழந்தை இறக்கவும் நேரிடலாம். அமெரிக்காவில் 1992-லேயே ‘ப்ரில்’ மருந்துகளின் விவரச் சீட்டுகளில் கட்டம் கட்டி எச்சரிக்கை போடவைத்தார்கள். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்ணுக்கு லபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா என்று மாற்று இருக்கிறது. கர்ப்பம் உறுதியான பிறகு யோசிக்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

ஒன்று நல்லதென்றால் இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லதுதானே என்ற யோசனையை, 25,620 பேரிடம் நடந்த ‘ஆன்டார்கெட்’ ஆய்வு 2008-ல் முடித்துவைத்தது. ராமிப்ரில்லும் டெல்மிசார்டனும் சேர்ந்து எடுத்தவர்களுக்குக் கூடுதல் பலன் இல்லை. தலைசுற்றலும் சிறுநீரகக் கோளாறும்தான் கூடின.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் முதல் ப்ரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. முதியவர்களுக்கு அது பெரிய உதவி. அந்த வாசலில் ‘சார்டன்’னோ ‘ப்ரில்’லோ வாங்கும் ஒவ்வொருவருடைய அட்டையிலும், கிரியாட்டினினும் பொட்டாசியமும் கடைசியாகப் பார்த்த தேதியும் அடுத்துப் பார்க்க வேண்டிய தேதியும் இருக்க வேண்டும். தனியார் மருத்துவர்களின் சீட்டிலும் மாத்திரைப் பெயருக்குப் பக்கத்தில் அந்த இரண்டு தேதிகள் வேண்டும். தேதி தாண்டியிருந்தால் மாத்திரை கொடுக்கும்போதே ரத்தமும் எடுக்க ஏற்பாடு செய்யலாம்.