வார்னிஷ் மறைப்பதில்லை

புதுமனை புகும் நாள் நெருங்கும்போது இல்லத்தலைவரைப் பற்றிக்கொள்ளும் அவசரங்களுள் ஒன்று, கதவு யன்னல்களைச் சூழ்ந்த மரச்சட்டங்களுக்கு வார்னிஷ் பூசுவித்தல். சுவர் காய்ந்தாயிற்று, தளம் கழுவியாயிற்று, இனி மரத்தில் மினுக்கம் ஏறிவிட்டால் வேலை நிறைவுற்றது என்று எண்ணுகின்றோம். ஆனால் அம்மினுக்கம் தகரப்பேணிக்குள் இருப்பதன்று. பேணியைத் திறப்பதற்கு முன்னரே அது பெரும்பாலும் தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது.

வர்ணம் மரத்தின் குறையை மூடும்; வார்னிஷ் அதனை விளக்குப் பிடித்துக் காட்டும். சீவுளி விட்ட தழும்பு, பென்சிற் கோடு, கைவியர்வையின் கறை ஆகிய யாவும் அதன்கீழ் முன்னையினும் தெளிவாகத் தோன்றும்.

எம் முன்னோர் முதிரை, வேம்பு, பனை முதலியவற்றை வீட்டு வேலைக்குக் கொண்டனர். இன்று உட்சட்டங்களுக்கும் சுவரின் அடிப்பலகைக்கும் பைன் மரமும் வழங்குகின்றது. இத்தகைய ஊசியிலை மரங்களையே மென்மரம் என்பர். பெயரைக்கொண்டு மயங்கலாகாது, நகம் பதியுமளவுக்கு மெதுவான பால்சா மரம் தாவரவியலார் வகுப்பில் வன்மரமாகும். பைனின் தனிக்குணம் வேறு. அதன் ஆண்டு வளையத்தில் ஒரு பகுதி மெதுவாகவும் மறுபகுதி கடினமாகவும் இருக்கும். உப்புத்தாளை விரல்நுனியால் அழுத்தித் தேய்த்தால், மெதுவான பகுதி பள்ளமாகக் குழிந்து, கடினமான பகுதி வயல்வரம்புபோல் எழுந்து நிற்கும். ஆதலின், தட்டையான பரப்பைத் தேய்க்கும்போது தாளைக் கைக்கடக்கமான மரக்கட்டையிற் சுற்றிக்கொள்ளல் வேண்டும்.

முதலில் 120 ஆம் இலக்கத் தாள், அடுத்து 150, இறுதியில் 180 எனப் படிப்படியாகச் செல்க. இழை ஓடும் திசையிலேயே தேய்க்க. குறுக்கே தேய்த்த கீறல் பூச்சின்கீழ் வெளிப்படையாகத் தெரியும். பின்னர் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் படுத்துக்கிடந்த நார்கள் எழும். நன்கு உலர்ந்தபின் அவற்றை மெல்லத் தேய்த்து நீக்கலாம். விளக்கைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துப் பார்ப்பவர்க்கு எஞ்சிய குறை புலப்படும்.

பைனின் கணுக்களிற் பிசின் உண்டு. அது வெப்பத்திற் கசிந்து பூச்சைக் கெடுக்குமாதலின், மதுசாரத்திற் கரைத்த அரக்கைக் கணுக்களின்மேல் இருமுறை மெல்லெனத் தடவுதல் நன்று. எண்ணெய் வார்னிஷாயின் முதற்பூச்சை டர்பன்டைன் சேர்த்து இளக்கிப் பூசுக. பேணியைக் குலுக்கினாற் குமிழிகள் தோன்றும். குச்சியால் மெதுவாகக் கலக்குவதே முறை. ஒவ்வொரு பூச்சும் முற்றாக உலர்ந்தபின், 240 அல்லது 320 ஆம் இலக்கத் தாளால் இலேசாகத் தேய்த்துத் தூசி துடைத்து, அடுத்ததைப் பூசுக. தடித்த ஒரு பூச்சினும் மெல்லிய மூன்று சிறந்தவை.

காலமும் நோக்கத்தக்கது. மாரிகாலத்தின் ஈரக்காற்றிற் பூச்சு உலர நெடுநேரமாகும். சோளகம் வீசும் நாட்களிலோ புழுதி வந்து ஒட்டும். யாழ்ப்பாணத்தில் மாசி, பங்குனி மாதங்கள் இவ்வேலைக்கு வாய்ப்பானவை.

இரண்டு அபாயங்களை மறத்தலாகாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995 இல் வெளியிட்ட தொகுதியொன்றில், மரத்தூசியை மனிதரிடத்துப் புற்றுநோய் விளைப்பனவற்றுள் ஒன்றாக வகுத்துள்ளது. ஆகவே தேய்ப்பவர் தக்க முகமூடி அணிதலும், குழந்தைகளை அவ்வறைக்குப் புறத்தே வைத்தலும், தூசியை ஈரத்துணியால் எடுத்தலும் அவசியம். மற்றையது, ஆளிவிதை எண்ணெய் முதலியன தோய்ந்த துணி. அதனைச் சுருட்டி மூலையில் எறிந்தால், எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது பிறக்கும் வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகித் தானே தீப்பற்றவுங் கூடும். வெளியே விரித்து உலர்த்துக. அன்றேல் நீர் நிறைந்த தகரப்பேணியில் இடுக.

இவற்றைத் தாமே செய்யும் ஓய்வு யாவர்க்கும் வாய்ப்பதில்லை. வேலையாளை அமர்த்துவோர்க்கு ஒன்று கூறவேண்டும். பூசும் நாளுக்குக் கூலி கொடுக்க நாம் பின்னிற்பதில்லை. தேய்க்கும் நாட்களுக்குக் கொடுக்கவே மனம் சுருங்குகின்றது. “இன்னும் என்ன தேய்ப்பு? பூசிவிட்டுப் போம்” என்று நாமே துரத்திவிட்டு, ஆண்டு திரும்புமுன் சட்டம் கரடுதட்டியதும் அவர் கைத்திறனைப் பழிக்கின்றோம். பதறாத காரியம் சிதறாது என்பது வேலை செய்வோர்க்கு மட்டும் உரியதன்று, செய்விப்போர்க்கும் உரியது. பொருத்தம் பேசும்போதே தேய்ப்புக்கு இத்தனை நாள், பூச்சுக்கு இத்தனை நாள் எனப் பிரித்துப் பேசி, இரண்டுக்கும் கூலி வகுத்துவிடுக. சாய்ந்த வெளிச்சத்தில் இருவரும் கூடிப் பார்த்தபின்னரே பேணியின் மூடி திறக்கப்படட்டும்.