காசிமேட்டுக்கு வந்துபோன கல்லறைகள்

சென்னையில் யூதர்கள் வாழ்ந்ததற்குக் கண்ணால் காணக்கூடிய சாட்சியாக மிஞ்சியிருப்பது ஒரு சின்ன இடுகாடு. அதுவும் தொடங்கிய இடத்தில் இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் பெத்தநாயக்கன்பேட்டையில், தங்கசாலைத் தெருப் பக்கம் அது இருந்தது. 1687இல் இறந்த வைர வணிகர் ஜாக் டி பைவா போன்றவர்கள் உருவாக்கிய இடம். இருபதாம் நூற்றாண்டில் அந்த நிலம் வேறு காரியத்துக்குத் தேவைப்பட்டது. கல்லறைக் கற்கள் ராயபுரத்தை ஒட்டிய காசிமேட்டுக்கு வந்தன. 1980களில் அங்கிருந்தும் பெயர்ந்து லாயிட்ஸ் சாலைக்குப் போயின. எபிரேய மொழியில் இடுகாட்டை ‘உயிருள்ளோர் வீடு’ என்பார்கள். புதைத்தவரைக் கலைக்கக் கூடாது என்பது யூதர்களின் கண்டிப்பான மரபு. அந்த வீட்டுக்கே இங்கே இரண்டு முறை குடிமாற்றம். யாரும் பகைமையால் இதைச் செய்யவில்லை. வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஆள் இருந்த காலம் ஒன்று உண்டு. 1688 செப்டம்பர் 29 அன்று சென்னை மாநகராட்சி பதவியேற்றபோது, மேயருக்குக் கீழே இருந்த பன்னிரண்டு ஆல்டர்மன்களில் மூன்று பேர் யூத வணிகர்கள். லண்டனில் ஒரு யூதர் தன் மதத்தை விடாமல் நாடாளுமன்றத்தில் உட்கார 1858 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதோடு இதை ஒப்பிட்டால் வியப்பாகத்தான் இருக்கும். ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெருந்தன்மை என்று இதைப் பாராட்ட நான் தயாரில்லை. இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்திலிருந்து பவளம் வரவேண்டும், கோல்கொண்டா வைரம் லண்டனுக்குப் போகவேண்டும். இரண்டு முனையிலும் உறவும் நாணயமும் உள்ளவர்கள் இவர்கள்தான். ஸ்பெயின் 1492இல் யூதர்களை விரட்டியது. போர்ச்சுகல் 1497இல் கட்டாயமாக ஞானஸ்நானம் கொடுத்தது. பிறகு மதவிசாரணை மன்றம் துரத்தியது. அப்படிச் சிதறிப்போன குடும்பங்களின் வாரிசுகளே ஜார்ஜ் டவுனுக்கு வந்து சேர்ந்தார்கள். 1720களில் பிரேசிலில் வைரம் கிடைத்ததும் கோல்கொண்டாவின் மவுசு குறைந்தது. அவர்களும் மெல்ல மெல்லக் காணாமல் போனார்கள். பவளக்காரத் தெருவின் பெயரில் மட்டும் அவர்கள் விற்ற சரக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

யூதர்களைப் பற்றித் தமிழில் பேசும்போது, அடிபட்டு அடிபட்டே உறுதியானவர்கள் என்ற கருத்து தவறாமல் வந்துவிடும். துன்பம்தான் அவர்களைக் கட்டிக்காத்தது என்பது அதன் உட்பொருள். சென்னை அனுபவமும் கொச்சி அனுபவமும் சேர்ந்து இதைப் பொய்யாக்குகின்றன. கி.பி. 1000 வாக்கில் பாஸ்கர ரவிவர்மன் என்ற சேர மன்னன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு ஒரு செப்பேடு கொடுத்தான். வட்டெழுத்தில், பழந்தமிழுக்கு மிக நெருங்கிய மொழியில் அமைந்தது அது. பகல்விளக்கும் பல்லக்கும் குடையும் உள்ளிட்ட எழுபத்திரண்டு உரிமைகளைப் பட்டயம் போட்டுத் தந்தது. உள்நாட்டு மன்னர்களின் ஆதரவில் கொச்சி யூதச் சமூகம் நூற்றாண்டுக் கணக்கில் தழைத்தது. பின்னாளில் கொச்சித் தொழுகைக்கூடத்தைக் கொளுத்தியவர்கள் போர்ச்சுகீசியர்கள். ஆக, தழைக்கப் பகை தேவைப்படவில்லை. சென்னையில் பகை இல்லாமலேயே அழிந்தார்கள். ஆக, பகை இல்லாதது மட்டும் போதவும் இல்லை. வேறு என்ன வேண்டும்? யூத வழிபாட்டில் கூட்டுத் தொழுகைக்குக் குறைந்தது பத்துப் பேர் கூடியாக வேண்டும். வைதிகப் பிரிவினர் பத்து ஆண்கள் என்பார்கள். ஒன்பது பேர் எவ்வளவு பக்தியோடு நின்றாலும் அந்தத் தொழுகை நடக்காது. அடையாளம் என்பது நெஞ்சுறுதி பற்றியது என்று நாம் நினைக்கிறோம். அவர்களுடைய மரபோ அதைத் தலை எண்ணிப் பார்க்கிறது. இதை விளங்கிக்கொள்ள வெகுதூரம் போக வேண்டாம். ராயபுரத்தில் 1910இல் எழுந்த பார்சிகளின் அக்னி ஆலயம் இன்றும் நிற்கிறது. சென்னைப் பார்சிகளின் தொகை சொற்பம்தான். ஆனால் நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள்ள ஒரு கட்டடமும், அதைத் தம்முடையது என்று சொல்லிக்கொள்ளச் சில குடும்பங்களும் இருக்கின்றன.

இன்றைய யூத வெறுப்பு எங்கே கைவைக்கிறது என்று பார்த்தால் இந்தத் தலை எண்ணிக்கையின் முக்கியத்துவம் இன்னும் தெளிவாகும். 2008இல் மும்பையில் யூதர்கள் கூடும் நரிமன் இல்லம். 2018இல் பிட்ஸ்பர்க்கில் சனிக்கிழமைத் தொழுகை, பதினோரு பேர் பலி. 2025 அக்டோபரில் மான்செஸ்டர் தொழுகைக்கூடம், அதுவும் அவர்களுடைய மிகப் புனிதமான நோன்பு நாளில். அதே ஆண்டு டிசம்பரில் சிட்னியின் பாண்டை கடற்கரையில் ஹனுக்கா விழா. குறி எப்போதும் கூட்டத்தின் மீதுதான். பத்துப் பேர் கூடவே அஞ்ச வேண்டும் என்பதுதான் நோக்கம். இப்படியொரு வெறுப்பு வளர யூதர் யாரும் பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. உலகத்தையே ஆட்டிவைக்கும் ‘இலுமினாட்டி’ பற்றித் தமிழில் ஓடும் காணொளிகளைப் பாருங்கள். பாதிச் சரக்கு 1903இல் ரஷ்யாவில் வெளியான ஒரு போலி ஆவணத்திலிருந்து வந்தது. அது போலி என்று லண்டன் டைம்ஸ் 1921லேயே அம்பலப்படுத்திவிட்டது. யூதக் கர்ப்பிணிகள் கணக்குப் போட்டே மேதைகளைப் பெறுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் புகழ்ச்சியையும் நான் இதே கணக்கில்தான் சேர்ப்பேன். இரண்டிலும் மனிதர் இல்லை, பூதம்தான் இருக்கிறது.

காசாவை மறைத்துவிட்டு இதையெல்லாம் பேசலாமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் இறந்தார்கள். பிறகு காசாவில் இஸ்ரேல் நடத்திய போரில் பல்லாயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அந்தப் போரைக் கண்டிப்பது யூத வெறுப்பு ஆகாது. அப்படி முத்திரை குத்தி வாயை அடைப்பவர்கள் யூதர்களுக்கே கெடுதல் செய்கிறார்கள். கண்டிப்பவர்களில் யூதர்களும் பலர். ஆனால் ஓர் அரசின் செயலுக்கு மான்செஸ்டரில் நோன்பிருந்தவர் எப்படிப் பொறுப்பாவார்? இந்தக் கேள்வியைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1983 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் பதின்மூன்று இலங்கைச் சிப்பாய்கள் கொல்லப்பட்டதற்குக் கொழும்பில் கடை வைத்திருந்த தமிழர்கள் உயிரைக் கொடுத்தார்கள். அதே தவறை 2013 மார்ச்சில் நம்மவர் சிலரும் செய்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்த ஒரு சிங்களப் பிக்குவும், ரயிலில் சென்னை சென்ட்ரலுக்கு வந்து இறங்கிய இன்னொரு பிக்குவும் அடி வாங்கினார்கள். அடித்தவர்கள் அப்போதைய இலங்கை அதிபர் ராஜபக்சே மீதிருந்த கோபத்தைத்தான் காரணமாகச் சொன்னார்கள்.