ஆற்றில் விடும் குஞ்சுக்குத் தாய் எது?

கோலகுபு பாருவிலிருந்து ஃபிரேசர் மலைக்கு ஏறும் சாலையோரம் சுங்கை சீலிங் மீன் சரணாலயம் இருக்கிறது. நீர்வீழ்ச்சியைப் பார்க்கப் போகிறவர்களின் முழங்காலை உரசிக்கொண்டு அங்கே கெலா மீன்கள் நீந்தும். வெண்கல நிறம், நாணயம் அளவுக்குச் செதில், தடித்த உதடு, வாயோரம் இரண்டு ஜோடி மீசை. கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்களுக்குப் பெருமளவு நீர் தரும் சிலாங்கூர் ஆற்றின் மேல்பகுதிதான் அது. பிரிக்ஃபீல்ட்ஸை ஒட்டி ஓடும் கிள்ளான் ஆற்றில் வலை வீசினால் கிடைப்பதோ ஈக்கான் பண்டாராயா. தென் அமெரிக்காவிலிருந்து மீன் தொட்டிக்காக வந்து, பெருத்துப் போனதும் யாரோ பாலத்திலிருந்து கொட்டிவிட்டுப் போன மீன்.

கெலாவுக்கு இரண்டு பக்கமும் ஆபத்து. ஆற்றோர மரங்களிலிருந்து உதிரும் பழங்களைத் தின்று வளரும் இந்த மீனுக்குச் சுவை அதிகம் என்பதால் விலையும் அதிகம். சரவாக்கில் எம்புராவ் என்று அழைக்கப்படும் காட்டு மீன் கிலோ ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டியும் விற்றிருக்கிறது. இன்னொரு பக்கம் காடழிப்பும் அணைகளும் வண்டலும். ஆகவே செயற்கை முறையில் குஞ்சு பொரித்து ஆற்றில் விடலாம் என்ற யோசனை வந்தது. சரவாக்கின் தாராட் ஆய்வு மையத்தில் நடந்த முயற்சிகள் பலித்தன. அதன் விவரங்கள் 2005-இல் ஆய்விதழில் வெளியாயின. இப்போது குஞ்சு விடும் விழா என்றால் வாளி, விருந்தினர், புகைப்படம், ‘இத்தனை ஆயிரம்’ என்ற எண்ணிக்கை எல்லாம் உண்டு. அந்தக் குஞ்சுகளின் பெற்றோர் எத்தனை பேர் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

குஞ்சு பொரிப்பகத்தில் நடப்பது இதுதான். தாய் மீனுக்கு ஹார்மோன் ஊசி போடுவார்கள். முட்டை முற்றியதும் வயிற்றை மெதுவாக அழுத்தி, ஈரமில்லாத கிண்ணத்தில் முட்டைகளை வழித்தெடுப்பார்கள். ஆண் மீனின் விந்தை அதன்மேல் விட்டு, இறகால் கலக்கி, பிறகு நீர் சேர்ப்பார்கள். நல்ல ஆண் மீன் ஒன்று கையில் இருந்தால் ஒன்பது பெண் மீன்களின் முட்டைக்கும் அதையே பயன்படுத்திவிடலாம். வேலை சுலபம், ஆயிரக்கணக்கில் குஞ்சும் கிடைக்கும்.

மரபியல் கணக்கு இங்கேதான் கையைக் கடிக்கிறது. சம எண்ணிக்கையில் ஆணும் பெண்ணுமாகப் பத்து மீன்கள் கலந்து இனப்பெருக்கம் செய்தால், ஒரு தலைமுறையில் மரபணு வேறுபாட்டில் சுமார் 5 விழுக்காடு கரையும். ஒரே ஆணும் ஒன்பது பெண்களும் என்றால், மொத்தம் பத்து மீன்கள் இருந்தும் மரபியல் பார்வையில் அது நான்கு மீன்களுக்கும் குறைவு. இழப்பு கிட்டத்தட்ட 14 விழுக்காடு. அந்தக் குஞ்சுகளையே அடுத்த தாய் மீன்களாக வைத்துக்கொண்டால் இழப்பு தலைமுறைதோறும் கூடிக்கொண்டே போகும். புது நோய் வந்தாலோ, ஆற்று நீர் சூடேறினாலோ, கூட்டத்தில் சிலவற்றுக்காவது தாங்கும் மரபணு இருக்க வேண்டும். எல்லாம் உடன்பிறப்பாக இருந்தால் அந்த வாய்ப்பு குறைகிறது. குஞ்சு ஆயிரம் என்றாலும் குடும்பம் ஒன்றுதான்.

அடுத்தது, எந்த ஆற்று மீன் என்பது. சிலாங்கூர் ஆறு மேற்கே பாய்கிறது, பகாங் ஆறு கிழக்கே பாய்கிறது, நடுவே திதிவங்சா மலைத்தொடர். அந்தப் பக்கத்து மீன் இந்தப் பக்கத்துக்கு நீந்தி வர வழியில்லை. ஆற்றுக்கு ஆறு இந்த மீன் எவ்வளவு வேறுபடுகிறது என்று பார்க்க, மலேசியாவின் ஐந்து இயற்கைக் கூட்டங்களைச் சேர்ந்த கெலாவின் மைட்டோகாண்ட்ரியா மரபணுவை ஒப்பிட்ட ஆய்வு 2008-இல் வெளியானது. அதோடு, இந்த இனத்தின் பெயரே இன்னும் தகராறில்தான் இருக்கிறது. 2017-இல் வால்டன், ராஜீவ் ராகவன், ஏட்ரியன் பிண்டர் முதலிய ஆய்வாளர்கள் மலேசிய மாசீர்களின் (கெலாவும் மாசீர் வகைதான்) வகைப்பாட்டை அலசி, பழைய பதிவுகளில் எவ்வளவு குழப்பம் என்று காட்டினார்கள். இந்த நிலையில் கைக்குக் கிடைத்த குஞ்சை வாங்கி அருகிலுள்ள ஆற்றில் விடுவதை அவசர வேலை என்றே சொல்வேன்.

அப்படி விட்டால் என்ன ஆகும் என்பதை, அதே ராகவனும் பிண்டரும் ஆராய்ந்த காவிரியில் பார்க்கலாம். 1946-இல், காவிரியில் சேரும் கபினி ஆற்றில் 120 பவுண்டு எடையுள்ள, திமில் கொண்ட மாசீர் ஒன்று பிடிபட்டது. அந்த மீன் காவிரிப் படுகையைத் தவிர வேறெங்கும் இல்லை. 1970களிலிருந்து, மீன்வளத்தைப் பெருக்கும் நல்லெண்ணத்தில், லோணாவ்லாவில் பொரித்த நீலத் துடுப்பு மாசீர் குஞ்சுகள் காவிரியில் விடப்பட்டன. 1998 முதல் 2012 வரையிலான தூண்டில் முகாம் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, வந்த மீன் பெருகியதும் சொந்த மீன் அருகியதும் தெரிந்தது. சொந்த மீனுக்கு முறையான அறிவியல் பெயரும் அதுவரை இல்லை. காவிரிப் படுகையிலேயே உள்ள மோயாற்றில் கிடைத்த மீன்களைக் கொண்டு, அது டோர் ரமாதேவி என்று 2018-இல்தான் உறுதியானது. அதே ஆண்டு உலகச் சிவப்புப் பட்டியலில் ‘மிக மோசமான அழிவு அபாயம்’ என்ற நிலையில் அது சேர்க்கப்பட்டது. பெயர் கிடைத்ததும் அபாய முத்திரையும் விழுந்தது.

கேவியர் முட்டைக்காக வேட்டையாடப்படும் ஸ்டர்ஜன் மீன்களின் கதையும் மரபணுவில்தான் வந்து முடிகிறது. 1998 முதல் அவற்றின் வணிகம் அனைத்துலகக் கட்டுப்பாட்டுக்குள் இருந்தும், எஞ்சிய 26 இனங்களும் அழிவு அபாயத்தில் இருப்பதாக 2022-இல் அறிவிக்கப்பட்டது. யாங்ட்சி ஸ்டர்ஜன் இயற்கையில் அற்றேபோய்விட்டது. வளர்ப்புக் குளங்களில் உயிரோடு இருக்கிறது. அதை ஆற்றுக்குத் திருப்பி அனுப்பும்போது அந்தக் குளங்களில் மிஞ்சிய மரபணுதான் மூலதனம்.

கெலாவுக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. சீலிங்கிலும், தாமான் நெகாராவின் தஹான் ஆற்று லுபோக் தெனோரிலும், கென்யீர் ஏரியில் சேரும் பெத்தாங் ஆற்றிலும் மீன் தானாகவே வாழ்கிறது. ஆற்றைக் காவல் காப்பது குஞ்சு விடுவதைவிட மலிவு, பலனும் அதிகம். விட்டே ஆக வேண்டும் என்றால் அதே ஆற்றின் தாய் மீன்கள் வேண்டும், நிறைய ஆண்கள் வேண்டும், எதற்கு எது பிறந்தது என்ற பதிவேடும் வேண்டும்.

உங்கள் தாமானிலோ பிள்ளைகளின் பள்ளியிலோ மீன் விடும் நிகழ்ச்சிக்கு அழைத்தால், வாளியைத் தூக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது எந்த ஆற்று மீன், இதற்குத் தாய் தந்தை எத்தனை? பதில் வராவிட்டால் வாளியை இறக்கி வைத்துவிடுங்கள். வீட்டுத் தொட்டியில் பெருத்துவிட்ட மீனையும் கிள்ளான் ஆற்றில் கொட்டாதீர்கள்.