கிரிஸ்டலுக்கு ஏற்ற கப்பாசிட்டர் எது?

மைக்ரோகன்ட்ரோலருக்குத் தாளம் கொடுப்பது ஒரு சிறு குவார்ட்ஸ் சில்லு. குவார்ட்ஸை அழுத்தினால் மின்னேற்றம் தோன்றும் என்று 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் அது அதிரும் என்பது அதே பண்பின் மறுபக்கம். சிப்புக்குள் ஓர் இன்வெர்ட்டர், வெளியே ஒரு கிரிஸ்டல், அதன் இரு கால்களிலிருந்தும் கிரவுண்டுக்கு இறங்கும் இரண்டு கப்பாசிட்டர்கள்: பியர்ஸ் ஆசிலேட்டர் என்னும் சுற்றில் முக்கியமானவை இவ்வளவுதான். பார்வைக்கு எளிமையாக இருப்பதால் பலரும் கணக்கே போடாமல், கைக்குக் கிடைக்கும் 22 பிக்கோஃபாரட்டைப் பற்றவைத்துவிடுகிறார்கள். ஆனால் அந்த மதிப்பைத் தீர்மானிக்க வேண்டியது கிரிஸ்டலின் டேட்டாஷீட்தான்.

கிரிஸ்டலின் மேல் பொறித்த அதிர்வெண், குறிப்பிட்ட ஒரு சுமைக் கொள்ளளவை அது காணும்போது மட்டுமே உண்மையாகும். 18 பிக்கோஃபாரட் சுமைக்குச் செய்த கிரிஸ்டலை எடுத்துக்கொள்வோம். சிப்பின் கால்களும் போர்டின் செப்புத் தடங்களும் சேர்ந்து ஏறக்குறைய 5 பிக்கோஃபாரட் தருகின்றன என்றால், மீதி 13-ஐக் கப்பாசிட்டர்கள் தர வேண்டும். கிரிஸ்டலின் பார்வையில் இரண்டும் தொடரிணைப்பில் இருப்பதால், ஒவ்வொன்றும் அதன் இரு மடங்கு, அதாவது 26 பிக்கோஃபாரட் இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் 27 அதற்குப் போதும்.

‘22 போட்டாலும் ஓடுகிறதே’ என்று கேட்கலாம். ஓடும், சீரியல் தொடர்பும் பிழையின்றி நடக்கும், ஏனெனில் அது ஏறக்குறைய இரண்டு சதவீதப் பிசகைத் தாங்கும். பொருந்தாத சுமையால் வரும் பிசகோ பத்து லட்சத்தில் சில பத்துகள் அல்லது நூறு அளவில்தான் இருக்கும். காலம் காட்டும் சுற்றில்தான் குட்டு உடைகிறது. டிஎஸ்1307 என்ற கடிகார சிப், 12.5 பிக்கோஃபாரட் சுமைக்கான 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டலைக் கேட்கிறது. 6 பிக்கோஃபாரட் கிரிஸ்டலை அதில் வைத்தால் அதிர்வு பத்து லட்சத்துக்கு நூறு அளவில் மெதுவாகும். நாளுக்கு எட்டு விநாடிக்கு மேல், மாதத்துக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் கடிகாரம் பின்தங்கும். வெயிலும் கிரிஸ்டலைப் பாதிக்கிறதே என்பார்கள். 25 டிகிரியில் சரியாக இருக்கும் இவ்வகைக் கிரிஸ்டல் 45 டிகிரியில் பத்து லட்சத்துக்குச் சுமார் 14 மட்டுமே பிசகும். தவறான சுமையின் பிசகு அதைப் போல ஏழு மடங்கு.

போர்டின் கொள்ளளவு துல்லியமாகத் தெரியாதபோது கணக்குப் போட்டு என்ன பயன் என்ற ஆட்சேபமும் நியாயமானதே. 12.5 பிக்கோஃபாரட் கடிகாரக் கிரிஸ்டலில் நம் ஊகம் ஒரு பிக்கோஃபாரட் தவறினால் பிசகு பத்து லட்சத்துக்கு எட்டு அளவில் நிற்கும். கணக்கே போடாமல் விட்டால் வருவதைவிட அது மிகக் குறைவு. மிஞ்சியதை அளந்து திருத்தலாம். அதற்கு ஆசிலோஸ்கோப் புரோபைக் கிரிஸ்டலின் காலில் வைக்கக் கூடாது. புரோபின் கொள்ளளவே சுமையை மாற்றிவிடும். சிப்பின் வேறொரு காலில் கடிகார அலையை வெளியே எடுத்து அங்கே அளக்க வேண்டும். ‘பெரிதாகப் போட்டால் பாதுகாப்பு’ என்ற எண்ணமும் தவறு. அதிர்வைத் தொடங்க இன்வெர்ட்டருக்குத் தேவைப்படும் திறன், சுமை கூடக் கூட அதன் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. மேசையில் ஓடிய சுற்று குளிரில் தொடங்காமலே நின்றுவிடக்கூடும். ஆகவே முதலில் சிப் எந்தச் சுமையை ஓட்ட வல்லது என்று பார்த்து, அதற்கேற்ற கிரிஸ்டலை வாங்கி, கப்பாசிட்டரைக் கடைசியில் கணக்கிடுவதே சரியான வரிசை.