ஒற்றை அயனியின் ஒளி

இனயம் கடற்கரையிலிருந்து குளச்சலைக் கடந்து கிழக்கே சென்றால் எதிர்ப்படும் மணவாளக்குறிச்சியின் தாதுமணலில், இல்மனைட், சிர்க்கான், கார்னெட் ஆகியவற்றோடு மோனசைட் என்னும் கனிமமும் கலந்துள்ளது. 1909இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர் இங்கு அடையாளம் கண்ட அக்கனிமம், தோரியத்தையும் சீரியம், பிரசியோடைமியம் போன்ற அருமண் தனிமங்களையும் கொண்ட பாஸ்பேட் ஆகும். தோரியத்தோடு சிறிதளவு சீரியம் சேர்த்துச் செய்யப்பட்ட பெட்ரோமாக்ஸ் மேன்டில், சூடேறியதும் எண்ணிலடங்கா அயனிகளின் கூட்டொளியைத் தந்தது. அயனி என்பது எலெக்ட்ரானை இழந்தோ ஏற்றோ மின்னூட்டம் பெற்ற அணு. அத்தகைய ஒன்றை மட்டும் தனித்துக் காண்பது அண்மைக்கால ஒளியியலின் அரிய சாதனையாகும்.

அமாவாசை இரவில் தொலைவில் நிற்கும் வள்ளத்தின் உருவம் புலப்படாவிடினும் அதன் விளக்கு கரையிலிருப்போர்க்குத் தெரிவது போல, ஒளியின் அலைநீளத்தினும் மிகச் சிறிய அயனியும் மூலக்கூறும் தம் வடிவத்தைக் காட்டாமல் ஒளிப்புள்ளியாகவே தென்படுகின்றன. அதற்குச் சுற்றுப்புறம் இருண்டிருக்க வேண்டும். எனவே லேசர் ஒளியை ஊசிமுனையளவினும் சிறிய இடத்தில் குவித்து, அங்கிருந்து வேறு நிறத்தில் உமிழப்படும் ஒளியை மட்டும் வடிகட்டி, ஒளித்துகளாகிய ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணுகின்றனர்.

1980இல் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க்கில், மின்புலப் பொறியில் சிறைப்பட்ட ஒரேயொரு பேரியம் அயனி காணப்பட்டது. 1989இல் மோர்னர், காடோர் என்னும் ஆய்வாளர்கள் படிகத்துள் இருந்த ஒற்றைப் பென்டசீன் மூலக்கூறை அது உறிஞ்சிய ஒளியால் கண்டறிய, மறு ஆண்டே ஓரிட்டும் பெர்னாரும் அது உமிழ்ந்த ஒளியால் இன்னும் தெளிவாகக் கண்டனர். மோர்னர் 2014இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

தெரியும் புள்ளி ஒரேயொரு அயனியினுடையதே என்பதற்கும் சான்று உண்டு. ஒரு ஃபோட்டானை உமிழ்ந்த அயனி மீண்டும் லேசர் ஒளியை உட்கொண்ட பின்னரே அடுத்ததை உமிழ இயலுமாதலால், ஒளியை இரண்டாகப் பிரித்து இரு உணரிகளுக்கு அனுப்பினால் அவ்விரண்டும் ஒரே கணத்தில் பதிவு செய்வதில்லை.

அருமண் அயனிகள் ஒளியை மிக மெதுவாகவே உமிழ்வதால் நெடுங்காலம் இம்முறைக்கு எட்டாதிருந்தன. 2012இல் ஸ்டுட்கார்ட் ஆய்வாளர்கள், கார்னெட் வகைச் செயற்கைப் படிகத்தில் இருந்த பிரசியோடைமியம் அயனியை இரு ஃபோட்டான்களால் படிப்படியாக உயர்நிலைக்கு ஏற்றி, அது விரைந்து உமிழ்ந்த புற ஊதா ஒளியைப் பிடித்தனர். செலுத்திய ஒளியினும் ஆற்றல் மிக்க ஒளியே வெளிப்பட்டதால், பிற ஒளிகளின் குறுக்கீடு பெரிதும் விலகியது. குவாண்டம் நினைவகங்களுக்கு உகந்தவையாக இவ்வயனிகள் இன்று ஆராயப்படுகின்றன. அதே பிரசியோடைமியம் தங்கள் கரைமணலில் இருப்பதை மணவாளக்குறிச்சிப் பகுதிப் பிள்ளைகள் அறிந்து வளர்வது, அறிவியலை அவர்களுக்குச் சொந்த மண்ணின் செய்தியாக்கும்.