கூரை பிரிக்கும் நாட்களில் பூனைகள்

வன்னியிலே மாரி தொடங்குமுன் கூரை திருத்தாத வீடு அரிது. ஓடு இறக்கி, மரம் மாற்றி, சுவருக்குச் சுண்ணாம்பு பூசும் அந்த நாட்களில், வளர்த்த பூனையைக் காணோம் என்று பிள்ளைகள் வளவெல்லாம் தேடித் திரிவதும் வழக்கம். வேலை முடியத் தானே வந்துவிடும் என்பர் பெரியோர். சில பூனைகள் வரும், சில வருவதில்லை.

ஒரு வீட்டிலேயே நிலைமை இதுவென்றால், பூனைகள் பலவற்றைப் பேணும் காப்பகம் ஒன்றைப் புதுக்க நேரிட்டால் என் செய்வது? கிளிநொச்சி மாவட்டத்து இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளையினர் ஆதரவற்ற நாய்களுக்கெனச் சரணாலயம் அமைத்ததை வாசகர் அறிவர். நாயை வேலை நடக்குமிடத்துக்கு அப்பால் மரநிழலிற் கட்டி, வேளைக்குச் சோறு வைத்தால் ஒருவாறு பொறுத்துக்கொள்ளும். பூனையிடம் அது செல்லாது. நாய்க்கு ஆள் முக்கியம். பூனைக்கு இடம் முக்கியம். தூணிலும் கதவுநிலையிலும் அது கன்னத்தை உராய்வது தன் மணத்தைப் பூசி, இவ்விடம் எனது என்று எழுதி வைப்பதற்கே. மேசன் அத்தூணைச் சுரண்டிப் புதுப்பூச்சுப் பூசியதும் எழுத்து அழிந்துபோகிறது.

உரோமாபுரியில் இதற்கு நல்லதோர் உதாரணம் உண்டு. நகரின் நடுவே லார்கோ அர்ஜென்டினா என்னும் சதுக்கத்தில், 1920களில் நிலத்தை அகழ்ந்தபோது பழங்கோயில்கள் நான்கு வெளிப்பட்டன. கி.மு. 44இல் யூலியஸ் சீசர் கொல்லப்பட்ட மண்டபத்தின் ஒரு பகுதியும் அங்கேயே உள்ளது. இடிபாடுகளிற் பூனைகள் குடியேறின. 1990களில் பெண்கள் சிலர் முன்வந்து, தெருமட்டத்துக்குக் கீழே ஒரு காப்பகம் நடத்தலாயினர். 2012இல் தொல்பொருட் பகுதியினர் அதை அகற்ற வேண்டுமென்றனர், பூனை அபிமானிகள் எதிர்த்தனர், காப்பகம் நிலைத்தது. பின்னர் அங்கே திருத்த வேலை நடந்து, 2023 ஜூனில் நடைபாதைகளுடன் இடிபாடுகள் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. பூனைகளை எவரும் வெளியேற்றவில்லை. சீசருக்குக் கிடையாத பாதுகாப்பு!

ஆகவே முழுக் கூரையையும் ஒரே நாளிற் பிரிக்கலாகாது. பாதியைக் கிடுகால் மறைத்து, மறுபாதியிற் பூனைகளை வைத்து, ஒருபக்கம் முடிந்தபின் இடம் மாற்றவேண்டும். அவை படுத்த சாக்குகளைத் தோய்க்காமலே கொண்டுபோய்ப் போடுதல் நன்று. பழைய மணமும் உடன் செல்லும். ஒளிந்துகொள்ள ஒரு மட்டைப்பெட்டியும் வேண்டும். ஒல்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார், காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளுட் சிலவற்றுக்குப் பெட்டி கொடுத்தும் சிலவற்றுக்குக் கொடாமலும் ஆராய்ந்து, 2014இல் முடிவை வெளியிட்டனர். பெட்டி பெற்றவை விரைவில் அச்சம் தெளிந்தன. கடைக்காரர் வீசியெறியும் வெறும் பெட்டிதான்.

சீமெந்துத் தூசியையும் நீறாத சுண்ணாம்பையும் பலர் அஞ்சுவர். அஞ்ச வேண்டியவையே. ஆனால் தரை கழுவும் மருந்தை அஞ்சுவார் இல்லை. நாமும் அஞ்சவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எமது வீட்டுப் பின்விறாந்தையைத் திருத்தி முடித்து, துப்புரவாயிருக்கட்டுமென்று கிருமிநாசினியைத் தாராளமாக ஊற்றிக் கழுவினோம். ஈரம் காயுமுன் மூன்று குட்டிகள் அதில் நடந்து பாதங்களை நக்கின. இரண்டு பிழைக்கவில்லை.

பீனோல் இனப் பொருள்களை மனித ஈரல் மாற்றி வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலில் அதற்கான நொதியம் போதாது. நீரிலிட்டதும் பாலாக வெளுக்கும் மருந்துகள் பெரும்பாலும் இவ்வினத்தவை. இதைக் கற்பித்த மிருக வைத்தியர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. அதுவே எமக்குக் கடினமாயிருந்தது. சவர்க்கார நீரால் அழுக்கை நீக்கியபின், குளோரின் வெளுப்புத் திரவம் 1 பங்கை நீர் 32 பங்கிற் கலந்து தெளித்து, 10 நிமிடம் விட்டு, நன்றாய் அலம்பி உலர்த்தினாற் போதுமென்றார். தரையில் ஓராண்டுகூடத் தங்கியிருந்து குட்டிகளைக் கொல்லும் பூனைக்கழிச்சல் நச்சுயிரும் இதனால் அழியும்.

பிழைத்த குட்டி இன்று பெரிய பூனை. பின்விறாந்தையை அது மிதிப்பதில்லை. சமையலறை அடுப்படி மூலையே அதன் இருப்பிடம். அந்தக் கூரைக்கும் இவ்வாண்டு ஓடு மாற்றவேண்டியிருக்கிறது. மட்டைப்பெட்டிக்கு இப்போதே கடையிற் சொல்லி வைத்துள்ளோம்.