குறைந்த செலவில் பட்டம்... விசாரித்து சேருங்க!

பிளஸ் 2 முடிச்ச கையோடு கல்யாணம், அடுத்தடுத்து குழந்தைகள் என்று படிப்பை விட்டுவிட்ட சகோதரிகளுக்காக இந்தக் கடிதம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், 'நாமும் ஒரு டிகிரி வாங்கினால் என்ன' என்ற ஆசை வரும். கையில் இருப்பதோ சிறுவாட்டுப் பணம். அதனால், 'குறைந்த கட்டணம்' என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் மயங்கி விடுகிறோம்.

என் சின்ன நாத்தனார், ஒரு கடை மாடியில் நடந்த, 'சென்டரில்' நகையை அடகு வைத்து, பி.ஏ.,வுக்குப் பணம் கட்டினாள். வெளிமாநிலப் பல்கலைக்கழகமாம், வகுப்புக்கே வர வேண்டாமாம். வேலைக்கு மனு போட்டபோதுதான், அந்தப் படிப்புக்கு அங்கீகாரமே இல்லை என்று தெரிந்தது. பணமும் போச்சு, மூணு வருஷமும் போச்சு. அதனால், நான் படிக்கணும்னு சொன்னதும் என் மாமியார், 'தாராளமா படிம்மா. ஆனா, நல்லா விசாரிச்சுட்டு பணம் கட்டு' என்றார். விசாரித்ததில் தெரிந்து கொண்டவை:

* வரலாறு, அரசியல் அறிவியல், பொருளாதாரம், சமூகவியல் படிக்க, பிளஸ் 2வில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் போதும். லேப் கட்டணம் கிடையாது. விலைவாசி, பஞ்சாயத்து, குடும்பம் என்று நாம் தினமும் பார்க்கிற விஷயங்கள்தான் பாடம்.

* 1985ல் துவங்கிய, 'இக்னோ' மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். சென்னை, மதுரையில் மண்டல மையங்கள் உண்டு. மூன்று ஆண்டு பி.ஏ.,வை ஆறு ஆண்டு வரை நிதானமாக முடிக்கலாம். ஆனால், இங்கிலீஷில் படிக்கத் தைரியம் வேண்டும்.

* தமிழில் படிக்க விரும்புவோருக்கு, 2002ல் துவங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தலைமையிடம் சென்னை, சைதாப்பேட்டை.

* பணம் கட்டும் முன், பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தைப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. நாம் சேரும் படிப்பும், சேரும் ஆண்டும் பட்டியலில் இருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம், கல்லூரிக்குப் போய் வாங்கும் பட்டத்துக்குச் சமம் என்று, மானியக் குழு 2022ல் தெளிவாகச் சொல்லி விட்டது.

* பத்தாவது, பிளஸ் 2, பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருப்பது முக்கியம். பிளஸ் 2 இல்லாமலே டிகிரி என்று யாராவது ஆசை காட்டினால், நம்பாதீர்கள்.

* முதல் வருடக் கட்டணத்தோடு செலவு முடிவதில்லை. மூன்று வருடக் கட்டணம், தேர்வுக் கட்டணம், பஸ் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். ரசீது பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் இருக்க வேண்டும்.

* இக்னோவின் பாடப் புத்தகங்கள், 'இ-ஞானகோஷ்' தளத்தில் இலவசம். சேரும் முன் நாலு பக்கம் படித்துப் பார்த்தால், நமக்கு ஒத்து வருமா என்று தெரிந்து விடும்.

நான் தமிழ் வழியில் பி.ஏ., வரலாறு சேர்ந்து, இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மத்தியான சமையல் முடிந்ததும் ஒரு மணி நேரம் புத்தகம்தான், டிவி கிடையாது. ராத்திரியில் கேள்வி கேட்பது, எட்டாவது படிக்கும் என் மகள். இந்த வருடம் என் நாத்தனாரும், முறையாக விசாரித்து, மறுபடி முதலாம் ஆண்டில் சேர்ந்து விட்டாள். ஒரே மேஜையில் இரண்டு பேரும் படிக்கிறோம்.

— ஒரு வாசகி, திண்டுக்கல்.